இந்த விதி எனக்கும்தான்

ஜூன் 3, செவ்வாய்

கேஸ் சிலிண்டர்காரர் வந்தபோது இரண்டு கையிலும் சப்பாத்தி மாவு. அவரே உள்ளே கொண்டுவந்து வைத்து, பழையதை எடுத்துக்கொண்டு போனார். கை கழுவிவிட்டு மெயிலைத் திறந்தால் தியோடர் அண்ணனிடமிருந்து இரண்டே வரி. "கோதை, இன்று முதல் உனக்கும் கமிட் அனுமதி உண்டு. முதலில் விதிமுறைகளைப் படி."

நின்றபடியே நாலைந்து தடவை படித்தேன்.

இந்த டைரியை எப்போதாவது வேறு யாராவது படித்தால் புரிய வேண்டும் என்பதற்காக எழுதி வைக்கிறேன். செவிநூல் என்பது கணினித் திரையில் இருக்கும் தமிழை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள். பார்வை இல்லாதவர்களுக்கானது. இலவசம். அதன் கோட் பொதுவில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். அனுப்பிய திருத்தத்தை உள்ளே சேர்க்கும் உரிமைதான் கமிட் அனுமதி. அது இதுவரை இரண்டு பேரிடம் இருந்தது. ஒருவர் தியோடர் அண்ணன், நாகர்கோவிலில் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறார், இதைத் தொடங்கியவர். இன்னொருவர் சுபைதா, கீழக்கரைக்காரி, திருச்சியில் தேர்வுப் பயிற்சி மையம் ஒன்றில் கணக்கு நடத்துகிறாள். பிறவியிலேயே பார்வை இல்லை. மூன்றாவதாக இப்போது நான், கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் மென்பொருள் சோதிக்கிற பூங்கோதை.

ஒன்றரை வருடமாகத் திருத்தங்கள் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். பயோடேட்டாவில் போட்டுக்கொள்ள நல்லது என்றுதான் ஆரம்பித்தேன்.

சாயங்காலம் அம்மாவுக்குப் போன் செய்தேன். சிலிண்டர் விலை, தம்பிக்கு வந்த வரன், முருங்கைக்காய். பின்னணியில் செவிநூல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தது. கண் பார்வை மங்கிவிட்ட அப்பா கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் போனை வாங்குவதில்லை.

அனுமதி கிடைத்ததை அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னாலும் புரியாது.

ஜூன் 5, வியாழன்

விதிமுறைகளைப் படித்தேன். "கமிட் அனுமதி உள்ளவர்களுக்கு" என்று தலைப்பு. கம்பெனியில் இப்படி நூறு படித்திருக்கிறேன். எல்லாம் வக்கீல் எழுதியது போல இருக்கும். இது ஒரு மனிதர் உட்கார்ந்து யோசித்து எழுதியது. சிலவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

"உங்கள் மாற்றத்தை நீங்களே சேர்க்காதீர்கள். இன்னொருவர் படித்து, காதால் கேட்டு, சரி என்ற பிறகே சேரும். இந்த விதி எனக்கும்தான்."

"மறுப்பதென்றால் காரணத்தோடு மறுங்கள். எழுதியவர் தன் தூக்கத்தைச் செலவழித்து எழுதியிருக்கிறார்."

"தவறான மாற்றம் சேர்ந்துவிட்டால் பார்த்தவர் முதலில் அதைத் திரும்ப எடுக்க வேண்டும். பேச்சு அதற்குப் பிறகு. யாருடைய மாற்றம் என்று பார்க்க வேண்டாம். திரும்ப எடுத்தவரிடம் யாரும் கோபப்படக் கூடாது."

"வீட்டில் நெருக்கடி என்றால் அனுமதியைத் திருப்பிக் கொடுங்கள். காரணம் கேட்க மாட்டோம். திரும்ப வந்து கேட்டால் அன்றைக்கே கிடைக்கும்."

கடைசி விதியில் கொஞ்ச நேரம் நின்றேன். நெருக்கடியை முன்கூட்டியே யோசித்து, அதற்கு ஒரு கதவு வைத்து, அந்தக் கதவு வழியாகத் திரும்பி வருவதற்கும் இடம் விட்டிருக்கிறார். எத்தனை பேருக்கு இது தோன்றும்? வெளியே போனவள் திரும்பி வரும்போது கேள்வி கேட்காத வீடுகள் நான் பார்த்தவரை குறைவு.

ஜூன் 9, திங்கள்

முதல் வேலை. செங்கல்பட்டிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை, பெயர் தமயந்தி, ரோமன் எண்களைப் படிக்க ஒரு திருத்தம் அனுப்பியிருந்தார். வேலை செய்கிறது. ஆனால் "சி" என்று தனியாக ஓர் ஆங்கில எழுத்து வந்தாலும் நூறு என்று படித்துவிடுகிறது. "வைட்டமின் சி" என்பது "வைட்டமின் நூறு" ஆகிவிட்டது. சிரித்துவிட்டேன். "இது சரிவராது" என்று தட்டியும் விட்டேன். விதி ஞாபகம் வந்து அழித்தேன். எங்கே தவறுகிறது, ஏன் தவறுகிறது, எந்தப் பகுதி நன்றாக இருக்கிறது என்று எழுத முக்கால் மணி நேரம் ஆனது. கம்பெனியில் யாருக்கும் இப்படி எழுதியதில்லை.

பகல் சாப்பாடு முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. "மிக்க நன்றி மேடம். வைட்டமின் நூறு என்று வகுப்பில் சொன்னேன், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். திருத்தி அனுப்புகிறேன்."

ஜூன் 14, சனி

சுபைதா போன் செய்தாள். என் திருத்தத்தைப் பேசிக்கொண்டே சரிபார்க்கலாம் என்றாள். அவள் கோட் படிப்பதை முதல் தடவையாகக் கேட்டேன். செவிநூலை அவள் வைத்திருக்கும் வேகத்தில் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. தையல் மிஷின் ஓடுவதுபோல் இருந்தது. அந்த ஓட்டத்துக்கு நடுவில், "நிறுத்து. அந்த வரிக்கு மேல பாரு, அடைப்புக்குறி ஒண்ணு கூடுதலா இருக்கு" என்றாள். இருந்தது. நான் கண்ணால் பலமுறை பார்த்துத் தவறவிட்டது.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றேன்.

"மூச்சு விடற இடம் தப்பா இருந்துச்சு" என்றாள்.

பிறகு கேட்டாள்: "ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன். உன் திருத்தமெல்லாம் ஏன் தூத்துக்குடி ஜில்லாவையே சுத்துது? ஒட்டப்பிடாரம், விளாத்திகுளம், கயத்தாறு, இப்போ கடம்பூர். வேற ஊர்ல எல்லாம் செவிநூல் சரியாவா பேசுது?"

"அந்தப் பக்கம் பிழை அதிகமா இருக்கு" என்றேன்.

"சரிதான்" என்றாள். சிரித்தாளா இல்லையா என்று தெரியவில்லை.

ஜூன் 18, புதன்

ஆபீஸில் நாள் முழுக்க மீட்டிங். அம்மாவுக்குப் போன். பின்னணியில் கடம்பூர் சரியாக வந்தது. உச்சரிப்புத் திருத்தங்கள் மட்டும் சேர்ந்த அன்றே எல்லோர் கணினிக்கும் தானாகப் போய்விடும்.

ஜூன் 20, வெள்ளி

பெரிய செய்தி. 29ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலைத் தேர்வு. கணினியில் எழுதுவது. பார்வையற்றவர்களுக்கு வினாத்தாளை வாசித்துக் காட்ட செவிநூலைப் பயன்படுத்தப் போகிறார்களாம், எல்லா மையங்களிலும். இதுவரை உதவியாளர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பார். "நமக்கு அமையறவருக்குக் கணக்கு வாசிக்கத் தெரியுமாங்கறது அவங்கவங்க அதிர்ஷ்டம்" என்று சுபைதா சொன்னாள். அவளுடைய மாணவர்களே ஒரு பெரிய கூட்டம் எழுதுகிறது. இந்தத் தேர்வை வருடக்கணக்காகக் காத்திருந்து எழுதுகிறவர்கள் உண்டு.

27ஆம் தேதி நண்பகலுக்குள் ஐந்தாம் பதிப்பைத் தேர்வு நடத்துபவர்களிடம் கொடுத்துவிட வேண்டும். அதன் பிறகு எதையும் மாற்ற விடமாட்டார்கள்.

ஒரு சிக்கல் இருக்கிறது. அவர்கள் அனுப்பிய மாதிரி வினாத்தாளில் எண்ணுக்கு முன்னால் வரும் குறைக்குறியைச் செவிநூல் கவனிப்பதில்லை. மைனஸ் ஏழை "ஏழு" என்று படிக்கிறது. அவர்கள் போடுவது வேறு வகைக் கோடு. தியோடர் அண்ணன் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அவர் எழுதியது என்றால் கவலையில்லை. எண் வாசிக்கும் பகுதி முழுவதும் அவருடைய கை. அவ்வளவு சுத்தமான கோட் நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஜூன் 23, திங்கள்

தியோடர் அண்ணன் மெயிலுக்குப் பதில் போடவில்லை. பரீட்சைத் தாள் திருத்துகிற சமயமாக இருக்கும்.

துணி காயவில்லை. ஆடி வருவதற்கு முன்பே காற்று ஆரம்பித்துவிட்டது, ஆனாலும் ஈரக்காற்று.

ஜூன் 25, புதன்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

பகல் இரண்டு மணிக்குமேல் தியோடர் அண்ணனின் மாற்றம் ஒன்று உள்ளே சேர்ந்திருந்தது. நேராக ஐந்தாம் பதிப்பிலேயே. குறைக்குறித் திருத்தம். சரிபார்த்தவர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. "அவசரம். பார்த்துவிட்டேன்" என்று மட்டும் குறிப்பு.

அவருக்கு இது வழக்கமில்லை. ஒரே ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தக்கூட சுபைதாவின் சரிக்குக் காத்திருந்தவர். ஏதாவது காரணம் இருக்கும் என்று நினைத்து, மாதிரி வினாத்தாளைப் போட்டுக் கேட்டேன். மைனஸ் ஏழு சரியாக வந்தது. மைனஸ் பன்னிரண்டு வந்தது. சந்தோஷமாக இருந்தது. ஹெட்போனைக் கழற்றப் போகும்போது வட்டிக் கணக்கு வந்தது. திரையில் 2.05 சதவீதம். செவிநூல் "இரண்டு புள்ளி ஐந்து" என்றது.

மறுபடி போட்டேன். இரண்டு புள்ளி ஐந்து.

நடுவில் இருக்கும் பூஜ்யத்தை விழுங்கிவிடுகிறது. குறைக்குறியைத் தேடி எண்ணைத் துண்டாக்கும் இடத்தில் நடக்கிறது. மைனஸ் போனாலாவது கேட்பவருக்குச் சில சமயம் சந்தேகம் வரும், விடை பொருந்தாது. இதில் எந்தச் சந்தேகமும் வராது. இரண்டு புள்ளி ஐந்து என்று தெளிவாக, நல்ல தமிழில், தவறாகச் சொல்லும். அவர்களும் அதை நம்பிக் கணக்குப் போடுவார்கள்.

அண்ணனுக்குப் போன் செய்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. சுபைதா வகுப்பில் இருந்தாள். ஐந்தாம் பதிப்பின் முன்னோட்டப் படி தினமும் மாலை ஆறு மணிக்குத் தானாகவே வெளியே போகும். தேர்வு நடத்துபவர்கள் அதை எடுத்து ஒத்திகை பார்க்கிறார்கள். அதைவிட, திருச்சியில் பிள்ளைகள் அதை வைத்துத்தான் பயிற்சி செய்கிறார்கள்.

விதி என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியும். யாருடைய மாற்றம் என்று பார்க்க வேண்டாம். பார்க்காமல் எப்படி இருப்பது? இதை உண்டாக்கியவர். எனக்கு அனுமதி கொடுத்து மாதம்கூட முடியவில்லை. சமையலறைக்குப் போய்ச் சேர்ந்து கிடந்த பாத்திரங்களை எல்லாம் தேய்த்தேன். கழுவிய டம்ளரை மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தேன். வீட்டில் பெரியவர் ஒருவர் சொன்னதை "இல்லை" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவள்தான் நான். அதற்கு என்ன விலை என்று எனக்குத் தெரியும். ஒன்றரை வருடமாகத் தெரிகிறது.

கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவருடைய மாற்றத்தைத் திரும்ப எடுத்தேன். பிறகு எங்கள் குழுவுக்கு எழுதினேன்.

"தியோடர் அண்ணா, இன்று பிற்பகல் நீங்கள் சேர்த்த மாற்றத்தைத் திரும்ப எடுத்திருக்கிறேன். 2.05 என்பதை 'இரண்டு புள்ளி ஐந்து' என்று படிக்கிறது. ஒலிப்பதிவை இணைத்திருக்கிறேன். குறைக்குறிப் பிழை பழையபடி இருக்கிறது. அதற்கு வேறு வழியில் ஒரு திருத்தம் எழுதத் தொடங்குகிறேன்."

முதலில் எழுதியதில் "மன்னிக்கவும்" மூன்று இடத்தில் இருந்தது. மூன்றையும் எடுத்துவிட்டேன். அனுப்பிய பிறகு ஒன்றையாவது விட்டிருக்கலாமோ என்று தோன்றியது.

பதில் இல்லை. இன்றைக்கு அம்மாவுக்குப் போன் செய்யவில்லை.

ஜூன் 26, வியாழன்

ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டேன். காலையிலேயே சுபைதா அழைத்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"கேட்டேன். பூஜ்யத்த முழுங்குது. நல்லவேளை பாத்தே" என்றாள். அவ்வளவுதான். அண்ணனைப் பற்றி ஒரு சொல் கிடையாது. "உன் திருத்தம் எங்கே இருக்கு? அனுப்பு."

பகலுக்குள் எழுதி முடித்து அனுப்பினேன். எனக்கு அது பிரமாதமாகத் தெரிந்தது. சுபைதா ஒரு மணி நேரத்தில் மறுத்துவிட்டாள். "2024-25 கல்வியாண்டு" என்பதை "இரண்டாயிரத்து இருபத்து நான்கு மைனஸ் இருபத்தைந்து" என்று படிக்கிறதாம். அவள் எனக்கு எழுதிய மறுப்பை அச்செடுத்து ஒட்டிவைக்கலாம். எங்கே சறுக்கியது, எந்தச் சோதனை விட்டுப்போனது, எந்த யோசனை நல்லது, எல்லாம் இருந்தது. நான் செங்கல்பட்டு ஆசிரியைக்கு எழுதியதைவிடப் பத்து மடங்கு கனிவு.

தியோடர் அண்ணன் பதில் போடவில்லை.

ஜூன் 27, வெள்ளி

காலையில் இரண்டாவது திருத்தத்தை அனுப்பினேன். பத்து மணிக்கு சுபைதா, "நல்லா இருக்கு. ஆனா பின்னம் எல்லாத்தையும் கேட்டு முடிக்கல. மதியத்துக்குள்ள முடியாது" என்றாள்.

எனக்குப் பதற்றம். "உன் பங்குக்கு முக்காவாசி கேட்டாச்சுல்ல, சேர்த்துடலாமா? பன்னெண்டுக்குக் கொடுக்கணுமே" என்றேன்.

"மீதி கால்வாசியில என் பசங்க உக்காந்திருப்பாங்க" என்றாள். "இரு, நான் அவங்ககிட்ட பேசறேன்."

என்னையும் இணைப்பில் வைத்துக்கொண்டே தேர்வு அதிகாரிக்குப் போன் போட்டாள். அந்த மனிதர் குரலை உயர்த்தினார். "என்னம்மா வெளையாடுறீங்களா? பன்னெண்டு மணின்னு எழுத்துல கொடுத்திருக்கோம். இப்படிக் கடைசி நேரத்துல சொன்னா பழையபடி ஆள் வெச்சுப் படிச்சுக்கறோம்."

"அது உங்க முடிவு சார்" என்றாள் சுபைதா. "பன்னெண்டு மணிக்கு வேணும்னா பன்னெண்டு மணிக்குக் கொடுக்கறேன். அதுல என்ன தப்பு இருக்கலாம்னும் எழுதிக் கொடுக்கறேன். அஞ்சு மணின்னா, முழுசா கேட்டது கெடைக்கும். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

அந்தப் பக்கம் யாரிடமோ கேட்டுவிட்டு வந்தார். "அஞ்சு. அஞ்சு தாண்டினா கெடையாது."

அவர் போனை வைத்துவிட்டார். அவள் தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. இருவரும் எண்களைப் பங்கு போட்டுக்கொண்டு கேட்டோம். பூஜ்யம் புள்ளி பூஜ்யம் பூஜ்யம் மூன்று. மைனஸ் நாலரை. நாலு மணிக்கு அவள் "சரி" என்று எழுதினாள். சேர்த்தது அவள் கை. பதிப்பு போய்விட்டது.

அப்புறம்தான் தியோடர் அண்ணனின் போன் வந்தது. எனக்கு நேராக.

"கோதை பிள்ளே." குரல் கரகரத்திருந்தது. "இப்பந்தான் எல்லாம் பாத்தேன். போன்ல சார்ஜ் இல்லாம ரெண்டு நாளா கெடந்துது."

"அண்ணா, நான் வந்து…"

"நீ ஒண்ணும் சொல்லண்டாம். நீ செஞ்சதுதான் சரி, கேட்டியா? நான் அத ஆஸ்பத்திரி வராண்டாவுல இருந்து அடிச்சேன். காதுல கேக்காம சேத்துட்டேன். அங்க சத்தமா வெச்சுக் கேக்க முடியல்ல. எனக்க புத்தியும் அங்க இல்ல."

அவருடைய மனைவி லில்லி அக்காவுக்குப் பக்கவாதம். மூன்று வாரமாக ஆஸ்பத்திரியில். வலது கை வரவில்லை, பேச்சு போய்விட்டது. குழுவில் யாருக்கும் சொல்லவில்லை. எனக்கு அனுமதி கொடுத்து எழுதிய அந்த மெயிலும் ஆஸ்பத்திரியில் அவளைச் சேர்ப்பதற்கு முன்தினம் எழுதியதாம்.

"ஏன் அண்ணா சொல்லல? விதியில நீங்களே எழுதியிருக்கீங்களே" என்றேன்.

"மத்தவங்களுக்கு எழுதறது எளுப்பம் பிள்ளே. நான் இல்லாட்டா தேர்வு வேல நின்னு போகும்னு ஒரு நெனப்பு. நின்னா போச்சு? நீங்க ரெண்டு பேரும் செஞ்சுட்டீங்கல்லா."

அரை மணி நேரத்தில் குழுவில் அவருடைய கடிதம். பொதுவில், யார் வேண்டுமானாலும் படிக்கும் இடத்தில். "புதன்கிழமை நான் விதியை மீறி ஒரு மாற்றத்தைச் சேர்த்தேன். அது தவறான மாற்றம். பூங்கோதை அதைத் திரும்ப எடுத்தார். அப்படி எடுத்திராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பலருடைய உழைப்பு வீணாகியிருக்கும். அவருக்கும் சுபைதாவுக்கும் நன்றி. இப்போதைக்கு என் அனுமதியைத் திருப்பிக் கொடுக்கிறேன்." கீழே, பட்டியலில் இருந்து அவருடைய பெயரை அவரே நீக்கியிருந்தார்.

தான் உண்டாக்கிய ஒன்றின் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு மனைவி கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். பெரியவர்கள் இப்படியும் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

ஜூன் 29, ஞாயிறு

தேர்வு. காலையிலிருந்து வீட்டை ஒழுங்குபடுத்தினேன். பரணைக்கூட விடவில்லை.

மூன்று மணிக்குமேல் சுபைதாவின் குரல் செய்தி. அவள் மாணவி ஒருத்தி, பெயர் பிரிசில்லா, வெளியே வந்ததும் பேசியது: "மிஸ், யாரும் பக்கத்துல இல்ல மிஸ். திருப்பித் திருப்பி எத்தனை வாட்டி வேணா கேட்டேன். 'எத்தனை தடவைம்மா கேப்ப'ன்னு யாருமே சொல்லல."

அதை நானும் திருப்பித் திருப்பிக் கேட்டேன்.

ஜூலை 12, சனி

நாகர்கோவிலுக்குப் பகல் ரயில். லில்லி அக்காவைப் பார்க்கப் போகிறேன். கோவில்பட்டியில் ரயில் நின்றது. ஜன்னல் வழியாகக் கடலைமிட்டாய் வாங்கினேன். ஸ்டேஷனிலிருந்து எங்கள் வீடு நடக்கிற தூரம்தான். வண்டி நிற்பது கொஞ்ச நேரம்தான்.

ஜூலை 13, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் தியோடர் அண்ணனை முதல் தடவையாக நேரில் பார்த்தேன். நான் நினைத்ததைவிடக் குள்ளம். லில்லி அக்காவுக்குச் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வாய்க்கும் அவள் முகத்தைப் பார்த்து, விழுங்கிவிட்டாள் என்று தெரிந்த பிறகுதான் அடுத்தது. கோட் எழுதுகிற அதே பொறுமை.

அவள் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல முயன்றாள். வரவில்லை. "கோதைன்னுதான் சொல்லுகா" என்று அவர் எனக்கு விளக்கினார். என் காதுக்கு அது பெயராகவே கேட்கவில்லை. அவர் காதுக்குக் கேட்கிறது.

கம்ப்யூட்டர் பேச்சு எதுவும் பேசவில்லை. புறப்படும்போது, "வீட்டுல அம்மா அப்பா எல்லாம் சொகமா?" என்றார். "நல்லா இருக்காங்க" என்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில் வந்தேன். மதுரை வழியாக. கோவில்பட்டி ஊருக்குள் போகாத பஸ்.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஐந்தாம் பதிப்பு எல்லோருக்கும் வெளியானது. நிறுவி முடித்ததும் செவிநூல் தானே பேசும், பங்களித்தவர்கள் எல்லோருடைய பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்லும். தமயந்தியின் பெயரும் வருகிறது. தம்பிக்கு மெசேஜ் போட்டேன், அப்பாவின் கணினியில் புதியதைப் போட்டுவிடச் சொல்லி. கணினி அவன் வாங்கிக் கொடுத்தது என்றுதான் அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார். அப்படியே இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

தியோடர் அண்ணனிடமிருந்து மெயில். "லில்லி வீட்டுக்கு வந்துவிட்டாள். பிடித்துக்கொண்டு நடக்கிறாள். அனுமதியைத் திரும்பக் கேட்கிறேன்."

சுபைதா "வாங்க" என்று மட்டும் பதில் போட்டாள். நான் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்தேன். மேலே சேர்ப்பதா கீழே சேர்ப்பதா என்று யோசித்தேன். அகரவரிசையில் போட்டேன்.

ஆகஸ்ட் 23, சனி

பகலில் அம்மா போன் செய்தாள். எப்போதும் நான்தான் செய்வேன்.

"ஏட்டி, ஒரு நிமிசம் இரு. அவுக பேசணுமாம்."

போன் கை மாறுகிற சத்தம். மூச்சு மட்டும்.

"அப்பா" என்றேன்.

"ம்." தொண்டையைச் செருமினார். "இந்தப் பொட்டியில ஒம் பேரு சொல்லுதே."

"ஆமாப்பா."

"பூங்கோதை சங்கரலிங்கம்னு. எம் பேரையும் சேத்துல்லா சொல்லுது."

"முழுப் பேரு கேட்டாங்கப்பா. கொடுத்தேன்."

போன வருடத்துக்கு முந்தின வருடம், "ஒழுங்கா ஒம் புருசன் வீட்டுக்குத் திரும்பிப் போ, இல்லன்னா இங்க வராத" என்று சொன்ன குரல்தான். இப்போது கொஞ்சம் மெலிந்திருந்தது.

"தாமிரபரணிய தப்பாச் சொல்லுதான்" என்றார்.

"என்னது?"

"ஆத்துப் பேருட்டி. பரணிங்கறதுல வர்ற 'ப'வ, 'பல்லு'ன்னு சொல்லுவோம்லா, அந்த 'ப' மாதிரி சொல்லுதான். 'பஸ்'ஸுன்னு சொல்லுத மாதிரி மெதுவா வரணும். நாலு நாளா அணையில தண்ணி தொறந்துவிட்ட செய்திதான் வருது. ஒவ்வொரு தடவையும் காது கூசுது."

"குறிச்சுக்கிட்டேன்பா. வேற?"

வேறு நிறைய இருந்தது. தாலுகா ஆபீஸில் வேலை பார்த்தவர், கோப்பில் ஒற்று விட்டுப்போனாலே திருப்பி அனுப்புவார் என்று அம்மா சொல்வாள். அரை மணி நேரம் பேசினோம். எல்லாம் உச்சரிப்பைப் பற்றித்தான். வேறு எதையும் அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வைக்கும்போது, "நாளைக்கு ஞாயித்துக்கிழமை பேப்பர். எணைப்பெல்லாம் வரும். நெறைய தப்பு இருக்கும்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "கூப்பிடுதேன்" என்றார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கூப்பிட்டார்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

தாமிரபரணியைத் திருத்திவிட்டேன். சின்ன மாற்றம். என்னிடம் அனுமதி இருக்கிறது, நானே சேர்த்துவிட்டால் இன்று மாலைப் பேப்பரிலேயே அவருக்குச் சரியாகக் கேட்கும். சரிபார்ப்புக்கு அனுப்பிவிட்டு, சாதம் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பிழையைச் சொன்னவர் பெயரை மாற்றத்தோடு எழுதுவது எங்கள் வழக்கம். எழுதினேன்: சங்கரலிங்கம், கோவில்பட்டி.

சாதம் வெந்து இறக்குகிற நேரத்தில் தியோடர் அண்ணனின் பதில் வந்தது. "மூன்று தடவை கேட்டேன். பக்கத்து வீட்டுச் சத்தம் அடங்கிய பிறகு இன்னொரு தடவையும் கேட்டேன். சரியாக இருக்கிறது, சேர்த்துவிட்டேன். யாரம்மா இந்த சங்கரலிங்கம்? நல்ல காது."

"எங்க அப்பா" என்று எழுதி அனுப்பினேன்.